இரண்டாவது லென்ஸ் வாங்கும் முன்: பிராண்டை மாற்றுவதா, இருப்பதிலேயே தொடர்வதா

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் புதிதாக கேமரா எடுத்த தம்பிகள், தங்கச்சிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, என்கிட்ட கேனன் 1500டி இருக்கு, கூட வந்த 18-55 லென்ஸ் இருக்கு. எல்லாரும் சோனிக்குப் போயிருன்னு சொல்றாங்க. மாத்திரலாமா?" சிலரிடம் கேனனுக்குப் பதில் நிக்கான் டி3500 இருக்கும், சிலர் சோனிக்குப் பதில் ஃபியூஜி என்பார்கள். கேள்வி அதேதான்.

நீங்கள் என்ன எடுக்கிறீர்கள், கையில் எத்தனை லென்ஸ் இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். முதல் கேமராவை ஆஃபரைப் பார்த்தோ, மாமா சொன்னார் என்றோ, அன்றைக்குக் கடையில் இருந்தது என்றோதான் வாங்கியிருப்போம். அது நம்மை எந்த பிராண்டிலும் கட்டிப்போடுவதில்லை, இரண்டாவது லென்ஸ்தான் கட்டிப்போடுகிறது. கேமராவோடு கூட வந்த கிட் லென்ஸோடு மட்டும் இருப்பவர் அதையும் பாடியையும் (லென்ஸ் நீங்கலான கேமரா) சேர்த்து விற்றுவிட்டு வேறு பக்கம் போனால் நஷ்டம் கொஞ்சம்தான். அதே ஆள் ஒரு 50, ஒரு 10-18, ஒரு ஃபிளாஷ், இரண்டு பேட்டரி, ஃபிளாஷுக்கு ஒரு டிரிக்கர் என்று சேர்த்துவிட்டு அப்புறம் மாறினால் ஒவ்வொரு பொருளிலும் தனித்தனியாகக் காசு போகும். எஸ்டி கார்டும் டிரைபாடும் தவிர எதுவுமே புது இடத்துக்குக் கூட வராது. அதனால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம், அந்த லென்ஸுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன்புதான்.

யோசிப்பதை எங்கிருந்து தொடங்குவது? ரிவ்யூ வீடியோக்களிலிருந்து வேண்டாம், உங்கள் படங்களிலிருந்தே தொடங்குங்கள். கடைசியாக எடுத்த படங்களில் உங்களுக்கே பிடித்த நூறு இருநூறைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்த ஃபோகல் லெங்த்தில், எந்த ஐஎஸ்ஓவில் எடுத்தது என்று பாருங்கள். ஃபோகல் லெங்த் என்பது லென்ஸ்மேல் 18, 55 என்று எழுதியிருக்கும் மி.மீ. எண், குறைந்தால் வைட்டாக, அதாவது அகலமாகக் காட்டும், கூடினால் நெருக்கிக் காட்டும். ஐஎஸ்ஓ என்பது இருட்டில் படத்தைக் கேமரா எவ்வளவு வெளிச்சமாக்குகிறது என்ற அளவு, ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும். போனில் படத்தின் விவரத்தைத் தட்டினாலே வந்துவிடும், கணினியில் டிஜிகாம் போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். பாதிக்கு மேல் 18இல் நின்றிருந்தால் உங்களுக்கு வைட் லென்ஸ் பற்றவில்லை. 55இலேயே முட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நீளமாக வேண்டும். ஐஎஸ்ஓ எப்போதும் 3200, 6400 என்று ஏறிக் கிடந்து படங்களில் கை கால் எல்லாம் கலங்கியிருந்தால், அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, பெரிதாக உள்ள லென்ஸ் வேண்டும். இந்த மூன்று குறையையும் பிராண்டை மாற்றுவதால் தீர்க்க முடியாது. புது கேமராவும் ஒரு கிட் லென்ஸோடுதான் வரும், அதுவும் இப்போது வரும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கேமராக்களின் கிட் லென்ஸ்கள் சில உங்கள் பழைய 18-55ஐ விட இருட்டானவை. கேனன் ஆர்50 உடன் வரும் 18-45, நீளமான முனையில் எஃப் 6.3 தான்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்.

இனி நம் ஊருக்கு வருவோம், ஏனென்றால் இங்கே எடுக்கக் கிடைப்பது வேறு ஊர்களிலிருந்து ரொம்பவே வேறுபட்டது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்தான் முதலில். கானாடுகாத்தானிலோ கோத்தமங்கலத்திலோ ஒரு வீட்டுக்குள் போனால் முகப்பில் தேக்குத் தூண்கள், உள்ளே வானம் பார்த்த வளவு (நடுமுற்றம்), வளவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், அப்புறம் இரண்டாங்கட்டு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். இதில் எதற்கு எந்த லென்ஸ் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், கணக்கும் எளிதுதான்: நிற்கும் தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கி ஃபோகல் லெங்த்தால் வகுத்தால் படத்தில் விழும் அகலம் கிடைக்கும். 1500டி போன்றவற்றில் இருப்பது கிராப் சென்சார், ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமை விடச் சின்னது. கேனன் கிராப் சென்சாரின் அகலம் 22.3 மி.மீ., நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் சென்சார்களில் சுமார் 23.5. ஒரு சுவரிலிருந்து 12 அடி தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், கேனனில் 18 மி.மீ. லென்ஸில் சுமார் 15 அடிச் சுவர் விழும், 10 மி.மீ.யில் 27 அடி விழும், 24இல் 11 அடி, 50இல் 5 அடிக்குக் கொஞ்சம் மேல். வளவை ஒட்டிய அறைக்குள் 12 அடி பின்னால் போகவே முடியாது, அலமாரியில் முதுகு முட்டும். அங்கே 50ஐ வைத்துக்கொண்டு ஒரு கதவின் நிலையைக் கூட முழுதாக எடுக்க முடியாது. புதிதாக ஆரம்பிக்கும் எல்லோருக்கும் "முதல்ல 50 வாங்கு" என்று சொல்லும் வழக்கம் ஃபிலிம் காலத்திலிருந்து வருகிறது. அப்போது அது ஃபுல் ஃபிரேமில் 50. கிராப் கேமராவில் அதே லென்ஸ், கேனனில் 80 போலவும் மற்றவற்றில் 75 போலவும் நெருக்கிக் காட்டும். ஆச்சியை வாசல்படியில் உட்காரவைத்து முகம் எடுக்க அருமையான லென்ஸ். ஆச்சி உட்கார்ந்திருக்கும் வீட்டை எடுக்க அது ஆகாது.

அதற்காக வீடு என்றாலே வைட் என்றும் நினைக்க வேண்டாம். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கதவுக்குள் கதவாக அடுக்கி நிற்கும் அந்தக் காட்சியை 10 மி.மீ.யில் எடுத்தால் முன்கதவு பூதாகாரமாகவும் பின்வாசல் ஒரு புள்ளியாகவும் போய்விடும். தெருவில் பத்தடி பின்னால் தள்ளி நின்று 50, 55இல் எடுத்துப் பாருங்கள், எல்லாக் கதவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அணைந்து வந்து நிற்கும். உங்கள் கிட் லென்ஸே இதைச் செய்யும். அதே போலத் தூண்கள். கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினாலும் தூண்கள் எல்லாம் உள்பக்கம் சாய்ந்துவிடும், வைட் லென்ஸில் இது இன்னும் மோசமாகத் தெரியும். கேமராவை மட்டமாகப் பிடித்து, கூரையும் சேர்ந்து வருமாறு வைட்டாக எடுத்து, கீழே வீணாக வரும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்வதுதான் நான் பின்பற்றும் வழி. ஆத்தங்குடித் தரையாக இருந்தால் வெட்டவும் மனசு வராது, அது வேறு விஷயம்.

வெளிச்சம்தான் அடுத்த சிக்கல். காலை பதினொரு மணிக்கு மேல் வளவில் வெயில் கொட்டும், தாழ்வாரத்தில் இருட்டு. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க எந்த சென்சாரும் திணறும். பழைய கேனன் கிராப் சென்சார்களில், படத்தைத் திருத்தும்போது நிழலை வெளிச்சமாக்கினால் மற்ற பிராண்டுகளை விடச் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் தெரியும், இதை மறைப்பதற்கில்லை. சோனி, நிக்கான் பக்கம் போகச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் சொல்வது சரி. ஆனால் 1500டியிலேயே மூன்று படங்களை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் வசதி இருக்கிறது, அசையாத வீட்டுக்கு அது போதும், மூன்றையும் ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். காலை ஏழு, எட்டு மணிக்கே போய்விட்டால் அதுவும் பல நேரம் தேவைப்படாது. டிரைபாட் எடுத்துப் போவதாக இருந்தால் கால்களில் ரப்பர் இருக்கட்டும். பளபளவென்று இருக்கும் பழைய தரையில் கீறல் விழும் என்று வீட்டுக்காரர்கள் பயப்படுவது நியாயம், பல வீடுகளில் வைக்கவே விடமாட்டார்கள். அதனால்தான் வைட் லென்ஸ் வாங்கும்போது, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி லென்ஸிலோ பாடியிலோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். 1500டி, ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400 இவற்றில் எதிலும் பாடிக்குள் அது கிடையாது. பாடிக்குள்ளேயே வேண்டுமென்றால் கேனன் ஆர்7, சோனி ஏ6700, ஃபியூஜி எக்ஸ்-எஸ்20 என்று மேலே போக வேண்டும். கேனனின் பழைய இஎஃப்-எஸ் 10-18 எஸ்டிஎம் லென்ஸில் ஐஎஸ் (நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதிக்குக் கேனன் வைத்த பெயர்) இருக்கிறது, 10 மி.மீ.யில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் 1/8 நொடியில் கூடத் தெளிவாக வரும். அந்த லென்ஸ் 2014இல் வந்தது, எடையும் விலையும் குறைவு, வீடு எடுக்க ஆசைப்படும் 1500டிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான இரண்டாவது லென்ஸ் எனக்குத் தெரியாது.

வீடு அசையாது. மனிதர்கள் அசைவார்கள், அங்கேதான் ஐஎஸ் கைவிட்டுவிடும். ஆத்தங்குடியில் ஓடு போடும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கரைத்து வைத்த சிமெண்டை ஒரு கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் வண்ணங்கள் லேசாக ஒன்றின் ஓரத்தை ஒன்று தொட்டு நிற்கும், உடனே மேலே உலர்ந்த கலவையைத் தூவி மூடிவிடுவார்கள். கொட்டகைக்குள் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும், கை வேகமாகப் போகும். கிட் லென்ஸில் 55க்குப் போனால் எஃப் 5.6, அதில் 1/60 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ 3200 கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 1.8 உள்ள லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும், அதே 1/60க்கு ஐஎஸ்ஓ சுமார் 320 போதும். அல்லது ஷட்டரை 1/250க்கு ஏற்றிக் கையை நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓ 1250க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பாடியை மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் கிடைக்காது. அதே விலை வரிசையில் உள்ள புது சென்சார் உயர் ஐஎஸ்ஓவில் தரும் லாபம் இதற்குப் பக்கத்தில் கூட வராது. ஒரு எச்சரிக்கை: ஐந்தடியிலிருந்து 50ஐ எஃப் 1.8இல் திறந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை அங்குலத்துக்குள்தான். விரலில் ஃபோகஸ் வைத்தால் அச்சின் மறு ஓரம் மங்கிவிடும். 2.8க்கு மூடினால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

கல்யாணம், திருவிழா இரண்டும் இதே கணக்குதான், கூட்டம் மட்டும் கூடுதல். வீட்டு வளவிலேயே நடக்கும் கல்யாணத்தில் திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்துக்குச் சுற்றி அத்தனை பேரும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், உங்களுக்கு ஆறடி தள்ளி நிற்க இடம் கிடைத்தால் பெரிது. 50 நெருக்கும். கிராப் பாடியில் 24 முதல் 35 வரை உள்ள பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), இல்லையென்றால் 17-50, 18-50 மாதிரி முழு நீளத்துக்கும் எஃப் 2.8 தரும் ஜூம், இவைதான் சரி வரும். சிக்மா 18-50 எஃப் 2.8 சின்னதாக இருக்கும், சோனிக்கும் ஃபியூஜிக்கும் முன்பே இருந்தது, 2024இல் கேனன் ஆர்எஃப்-க்கும் வந்துவிட்டது. வீடும் மனிதர்களும் இரண்டுமே எடுப்பவருக்கு, ஒரே ஒரு லென்ஸ் என்றால் அதைத்தான் கை காட்டுவேன்.

பொங்கலை ஒட்டி சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு, பழைய 55-250 எஸ்டிஎம் பகல் வெளிச்சத்தில் தாராளமாகப் போதும். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்குப் பற்றாது, அங்கே 400, 600 என்று கேட்கும், அது தனிப் பட்ஜெட். முதல் வருஷத்தில் அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள், அல்லது ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

சரி, எந்த லென்ஸ் வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிட்டது. இனி பிராண்டு. மூன்று வழி இருக்கிறது: இருக்கும் பாடியிலேயே லென்ஸ் வாங்குவது, அதே பிராண்டின் மிரர்லெஸுக்கு அடாப்டரோடு போவது, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு பிராண்டுக்குப் போவது.

முதல் வழியைப் பெரும்பாலும் யாரும் பரிந்துரைப்பதில்லை, நான் பரிந்துரைக்கிறேன். மவுண்ட் என்பது லென்ஸைப் பாடியில் மாட்டும் வளையம், பிராண்டுக்குப் பிராண்டு வேறு. கேனன் இஎஃப் மவுண்ட் 1987இலிருந்து இருக்கிறது, நிக்கான் எஃப் மவுண்ட் 1959இலிருந்து. இவற்றுக்கு வந்து குவிந்த லென்ஸ்கள், ஆட்கள் மிரர்லெஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் இப்போது செகண்ட் ஹேண்டாக நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. 1500டிக்கு 10-18, 24 எஃப் 2.8, 50 எஃப் 1.8, 55-250 என்று நான்கும் சேர்த்து வாங்கினாலும், பல மிரர்லெஸ் பிராண்டுகளில் ஒரு நல்ல ஜூமுக்கு ஆகும் தொகைக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். குறை என்ன? அந்த பாடியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள்தான், திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் மெதுவாகத் தேடும், வீடியோவில் நகரும் ஆளைத் தொடரவே தொடராது. ரீல்ஸ், வீடியோ என்று வேலை இருப்பவருக்கு இந்த வழி சரிப்படாது, தயங்காமல் பாடியை மாற்றுங்கள். நிக்கான்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 35 எஃப் 1.8 டிஎக்ஸ் ஏஎஃப்-எஸ் வகைதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இரண்டாவது வழி, கையில் ஏற்கெனவே இரண்டு மூன்று லென்ஸ் சேர்ந்துவிட்டவர்களுக்கு. கேனனில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டு வகை லென்ஸ்களும் கேனன் அடாப்டரில் ஆர்10, ஆர்50 பாடிகளில் ஆட்டோஃபோகஸ், ஐஎஸ் எல்லாவற்றோடும் இயல்பாக ஓடும். அந்தப் பழைய 50 எஃப் 1.8, கண்ணைத் தேடிப் பிடிக்கும் புது பாடியில் மாட்டியதும் வேறு லென்ஸ் போல நடந்துகொள்ளும், ஏனென்றால் அதுவரை தடுமாறியது லென்ஸ் அல்ல, பாடியின் ஃபோகஸ். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கிறது, ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் சரியாக ஓடும், ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அங்கேயும் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது. கேனனிலேயே இன்னொரு நுணுக்கம், கல்யாண வேலைக்குப் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது: ஆர்50இன் மேலே உள்ள ஃபிளாஷ் ஷூ புது வகை, பழைய ஃபிளாஷை அப்படியே மாட்ட முடியாது, இன்னொரு சின்ன அடாப்டர் வேண்டும். ஆர்10இல் பழைய ஃபிளாஷ் நேராக மாட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே கல்யாண வேலைக்கு ஆர்10 எடுக்கச் சொல்வேன்.

மூன்றாவது வழியில்தான் சோனி, ஃபியூஜி, நிக்கான் இசட் எல்லாம் வருகின்றன. சோனியின் பலம் கேமராவை விட லென்ஸில்தான் அதிகம். இ மவுண்ட் 2010இல் வந்தது, அதன் விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்கு சோனி சீக்கிரமே திறந்துவிட்டது, அதனால் சிக்மா, டாம்ரான், சாம்யாங், வில்ட்ராக்ஸ் என்று எல்லோரும் அதற்குச் செய்கிறார்கள். ஒரே தேவைக்கு மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று மூன்று விலையில் லென்ஸ் கிடைக்கும். பழைய லென்ஸ் சந்தையிலும் நிறைய புழங்குகிறது. கேனன் ஆர்எஃப் மவுண்டும் நிக்கான் இசட் மவுண்டும் 2018இல்தான் வந்தன. கேனன் ரொம்ப நாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தது, 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் கிராப் ஆர்எஃப் லென்ஸ்கள் செய்யப்போவதாக அறிவிப்பு வந்தது. அதன் பிறகு சிக்மாவின் 18-50 எஃப் 2.8, 10-18 எஃப் 2.8, எஃப் 1.4 பிரைம்கள் எல்லாம் ஆர்எஃப்-க்கு வந்துவிட்டதால், "கேனன் மிரர்லெஸில் லென்ஸ் இல்லை" என்ற பழைய குற்றச்சாட்டு கிராப் பாடிக்காரர்களுக்கு இப்போது அவ்வளவாகப் பொருந்தாது. நிக்கானில் இசட்50 கையில் பிடிக்க இந்த வரிசையிலேயே சுகமானது, அதன் 16-50 கிட் லென்ஸும் தெளிவில் நல்லது. 24 எஃப் 1.7, 12-28 என்று நமக்கு வேண்டிய இரண்டும் அதற்கு இருக்கின்றன, சிக்மாவின் 16, 30, 56 எஃப் 1.4 மூன்றும் உண்டு. ஆனால் மொத்தப் பட்டியல் சோனியை விடச் சிறியது.

ஃபியூஜியை நான் தனியாக வைக்கிறேன். 2012இல் எக்ஸ் மவுண்ட் வந்ததிலிருந்து கிராப் சென்சாருக்கென்றே லென்ஸ் செய்கிறார்கள், மற்ற பிராண்டுகளில் நல்ல லென்ஸ் எல்லாம் ஃபுல் ஃபிரேமுக்கென்று போய்விடும். 23 எஃப் 2, 35 எஃப் 2 இரண்டும் சின்ன லென்ஸ்கள், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலோ சந்தையிலோ யாரும் மிரளாமல் எடுக்கலாம். கணினியில் உட்கார்ந்து படம் திருத்தப் பிடிக்காதவர்களுக்கு அதன் ஃபிலிம் வண்ணங்கள் பெரிய வரம். விலை கூடுதல், நம் பக்கம் பழையதாகக் கிடைப்பது குறைவு. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் போகலாம். தோல் நிறம் எந்த பிராண்டில் நன்றாக வரும் என்ற சண்டைக்கு நான் போவதில்லை. ஜேபெக்கில் வித்தியாசம் உண்டு, ராவில் எடுத்துத் திருத்துகிறவருக்கு அது பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஃபுல் ஃபிரேமுக்கே நேராகப் போய்விடலாமா என்றால், பாடிக்கு மட்டும் பணம் இருக்கிறவர்கள் போகக்கூடாது. மிச்சம் இல்லாமல் ஃபுல் ஃபிரேம் பாடியும் மலிவான ஜூமும் வாங்குவதைவிட, கிராப் பாடியும் எஃப் 2.8 ஜூமும் ஒரு பிரைமும் வைத்திருப்பவர் வளவுக்குள்ளும் பட்டறைக்குள்ளும் நல்ல படம் எடுத்து வருவார்.

ஸ்பெக்கில் வராத ஒன்று, நம் ஊருக்கு ரொம்ப முக்கியம்: உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எந்த மவுண்ட் வைத்திருக்கிறார்கள்? கல்யாண சீசனில் இரண்டாவது கேமராவுக்குக் கூப்பிடும் ஸ்டுடியோக்காரர் சோனி வைத்திருந்தால் அவருடைய லென்ஸை உங்கள் பாடியில் மாட்டிக்கொள்ளலாம், ரா ஃபைல்களை ஒரே மாதிரி திருத்தலாம், பேட்டரி வகையும் ஒன்றாக இருந்தால் தீரும்போது கை மாற்றிக்கொள்ளலாம். வாடகைக்கும் அந்த மவுண்ட்தான் பக்கத்தில் கிடைக்கும். தொழிலாகச் செய்யும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு காரணமே பிராண்டை மாற்றப் போதுமானது. பொழுதுபோக்காக எடுப்பவருக்கும், நண்பர்கள் இரண்டு பேர் ஒரே மவுண்டில் இருந்தால் மூன்று லென்ஸை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். அப்புறம் சர்வீஸ். பழுதானால் மதுரைக்கா, திருச்சிக்கா, சென்னைக்கா என்று வாங்கும் முன்பே கடையில் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களிடம் லென்ஸ் சொல்லி அனுப்புவது நம் வீடுகளில் வழக்கம். விலை குறையலாம், ஆனால் அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கார்டைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். கையில் எடுத்துப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டும். கேனனும் நிக்கானும் ஜூம் வளையத்தை எதிரெதிர்த் திசையில் திருப்பும், லென்ஸை மாட்டும் திசையும் நிக்கானில் தலைகீழ். பழகிவிடும், ஆனால் அவசரத்தில் ஒரு மாசம் கை தடுமாறும்.

என்னைத் தனித்தனியாகக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். 1500டியும் கிட் லென்ஸும் மட்டும் இருந்து, வீடு, கோவில், தெரு என்று புகைப்படம் மட்டும் எடுப்பவர், மாற வேண்டாம், 10-18 வாங்குங்கள், மனிதர்கள்மேல் ஆசை என்றால் 24 எஃப் 2.8. அதே ஆள் வீடியோவும் செய்யப்போகிறார், இரண்டாவது லென்ஸ் இன்னும் வாங்கவில்லை என்றால், மாறுவதற்கு இதைவிடச் செலவு குறைந்த நேரம் கிடைக்காது, சோனி ஏ6400 பாடியோடு சிக்மா 18-50 எடுக்கலாம், கிட் லென்ஸ் வேண்டாம் என்று பாடியை மட்டும் கேளுங்கள். கேனன் லென்ஸ்கள் மூன்று இருக்கின்றன, ஃபோகஸ்தான் பிரச்சினை என்பவருக்கு ஆர்10, அடாப்டர், அவ்வளவுதான், வேறு எங்கும் போக வேண்டியதில்லை. நிக்கான் டி3500காரர் முதலில் 35 எஃப் 1.8 வாங்கி ஒரு வருஷம் எடுக்கட்டும், அந்த லென்ஸ் பின்னால் இசட் பக்கம் போனாலும் கூட வரும்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் பகலில் போய்ப் பாருங்கள். பின்மூடியையும் முன்மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறு பக்கத்திலிருந்து பார்த்தால், சிலந்தி நூல் போல உள்ளே படர்ந்திருக்கும் பூஞ்சை தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மூடிய பீரோவில் கிடந்த லென்ஸ்களில் இது அதிகம். தூசு இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, பூஞ்சை இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம், மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்கவே கூடாது. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்றால் நம் செம்மண் புழுதி உள்ளே போயிருக்கிறது. உங்கள் பாடியிலேயே மாட்டி, கிட்டத்திலும் தூரத்திலும் ஃபோகஸ் செய்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒன்று, எஃப் 8இல் ஒன்று எடுத்து, இரண்டையும் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் அந்த லென்ஸ் எங்கேயோ கீழே விழுந்திருக்கலாம். பழைய பாடி என்றால் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கானில் ஒரு படத்தின் விவரத்திலிருந்தே அதை எடுத்துவிடலாம், கேனனில் பெரும்பாலும் படத்தில் பதிவாகாது, தனி மென்பொருள் வேண்டும். விற்பவர் அதைச் சோதிக்க விடாமல் அவசரப்படுத்தினால் காசை எடுக்காமல் வந்துவிடுங்கள்.